விநாடி முள் இல்லாத கடிகாரம்

பழந்தமிழ் நூல்களில் நாழிகைக் கணக்கர் உண்டு. நீர்க்கன்னலைப் பார்த்திருந்து, பொழுது இவ்வளவு கழிந்தது என்று அரசனுக்கு அறிவிப்பது அவர்களது பணி. பொழுதைச் சொல்பவருக்குப் பெயர் சூட்டிய நம் மொழியில், பொழுதுகாட்டும் கருவியைப் பழுதுநீக்குபவருக்கென்று தனிப்பெயர் எதுவும் நிலைக்கவில்லை. 'வாட்ச் ரிப்பேர்காரர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஒரு பெயருக்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. பட்டையும் பாட்டரியும் மாற்றித் தருவது ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகளைப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, மறுபடி உயிர்கொள்ளும்படிக் கோப்பது இன்னொன்று. கடைக்கு வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டி, ஒரே மேசை விளக்கு, ஒரே உருப்பெருக்கிக் கண்ணாடிதான். வேறுபாட்டை எப்படி அறிவது? சகோதரிகள் நாங்கள் இருவரும் ஓராண்டுக்கு மேல் இக்கேள்வியோடு அலைந்தோம்.

*

கடிகாரம் எங்கள் அத்தையுடையது. நாகப்பட்டினத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெரியப்பா குடும்பத்தோடு பினாங்கு சென்று, அங்கே தாதிப் பயிற்சி பெற்று வேலை பார்த்தவர். 1970இல் ராஜூலா கப்பலில் திரும்பி வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1996இல் ஓய்வு பெறும்வரை இங்கே ஒரு மருத்துவமனையில் பணிபுரிந்தார். அப்பா போனபின் எங்கள் இருவரின் படிப்பும் அவர் சம்பளத்தில் நடந்தது. தமக்கென்று அவர் வாங்கிக்கொண்டதாக எங்களுக்குத் தெரிந்த விலையுயர்ந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: 1962இல், இருபத்து நான்கு வயதில், பினாங்குக் கடையொன்றில் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய சுவிஸ் கைக்கடிகாரம். தங்கக் கூடு. சாவி கொடுக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வகை. அதன் உள்ளிருக்கும் மெஷின் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது.

அதில் விநாடி முள் கிடையாது. தாதிக்கு விநாடி முள் இல்லாமல் எப்படி? நாடித்துடிப்பை அரை நிமிடமாவது எண்ணியாக வேண்டுமே. கேட்டோம். "ஆஸ்பத்திரியிலதான் சட்டையில குத்திக்கிற கடிகாரம் இருந்துச்சே. அதுல விநாடி முள் பெரிசா இருக்கும். இது வேலைக்கு வாங்கினதில்ல பிள்ளைகளா, எனக்கு வாங்கினது" என்றார் அத்தை.

1990களின் நடுவில் எப்போதோ அது நின்றுபோயிற்று. பீரோவில், வெல்வெட் பெட்டிக்குள், கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. எண்பத்தைந்தாம் பிறந்தநாளன்று என்ன வேண்டும் என்று கேட்டபோது, வழக்கமாக 'ஒன்றும் வேண்டாம்' என்பவர், "அது ஓடுமான்னு பாருங்களேன். ஓடினா போதும், புதுசாக்க வேணாம்" என்றார். 'புதுசாக்க வேணாம்' என்ற அந்த நிபந்தனையின் கனம் எங்களுக்குப் பின்னால்தான் விளங்கியது.

*

முதலில் போனது அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்கு. குளிரூட்டப்பட்ட அறையில் இளைஞர் ஒருவர் வெள்ளைக் கையுறையோடு கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். இவ்வளவு பழையதை இங்கே திறப்பதில்லை, சுவிட்சர்லாந்துக்கு அனுப்ப வேண்டும், ஆறு மாதத்துக்குமேல் ஆகலாம், தொகை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்றார். தேவைப்பட்டால் டயலும் முட்களும் புதிதாக மாற்றப்படும் என்று படிவத்தில் அச்சிட்டிருந்தது. அவர் சொன்னதில் பொய்யோ மிகையோ இல்லை. உத்தரவாதக் காலம் முடியாத புதுக் கடிகாரமாகவோ நீர்புகாத வகையாகவோ இருந்தால் அங்கே கொடுப்பதே முறை. உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் அவர்களிடம் இருக்கின்றன. ஆனால் தொழிற்சாலையின் நோக்கம் கடிகாரத்தைப் புறப்பட்ட நாளின் நிலைக்குத் திருப்புவது. அத்தை கேட்டது அதுவன்று.

எங்களுக்குள் ஒருமித்த கருத்து இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூத்தவள் அங்கேயே கொடுத்துவிடலாம் என்றாள். காணாமல் போகாது, கெட்டுப்போகாது. கப்பலில் வந்தது மறுபடி விமானம் ஏறவேண்டாம் என்றாள் இளையவள். படிவம் நிரப்பப்படாமல் வீட்டுக்கு வந்தது.

அடுத்தது தியாகராய நகரில் ஒரு கடை. கடைக்காரர் அன்பானவர். "எதுக்கும்மா இந்த அவஸ்தை? உள்ள இருக்கிறத எடுத்துட்டு பாட்டரி மெஷின் போட்டுத் தர்றேன். அரை மணி நேரம். வெளியிலேருந்து பார்த்தா ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். இது அபூர்வமான யோசனையன்று. பெண்களின் பழைய கடிகாரங்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதி இதுதான். மெஷின் சிறிதாகச் சிறிதாகப் பழுதுநீக்கும் உழைப்பு கூடுகிறது. சேகரிப்போர் சந்தையிலோ ஆண்களின் பெரிய கடிகாரத்துக்குள்ள விலை இதற்கு இல்லை. ஆகவே உள்ளிருப்பதை எறிந்துவிட்டுக் கூட்டை மட்டும் வைத்துக்கொள்வது எளிது. அத்தையிடம் சொன்னோம். "வெளியிலேருந்து பார்க்கிறவங்களுக்காகவா அதை வாங்கினேன்?" என்று கேட்டார்.

மூன்றாமவர் மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை. டயல் மஞ்சளாகிவிட்டது, நான்கு மணிக்குப் பக்கத்தில் பழுப்புத் திட்டு இருக்கிறது, எல்லாவற்றையும் சுரண்டிப் புதிதாக அச்சடித்துத் தருகிறேன், தங்கத்துக்கும் மெருகேற்றிவிடலாம் என்றார்.

*

இந்த இடத்தில் சற்று வரலாறு சொல்லாமல் முடியாது.

உலகெங்கும் பழைய கடிகாரம் சேகரிப்போரிடையே 'மும்பை ஸ்பெஷல்' என்றொரு வசைச்சொல் புழங்குகிறது. இந்தியாவில் டயலுக்குப் புதுவண்ணம் பூசி, பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கோத்து விற்கப்படுபவற்றை அப்படி அழைக்கிறார்கள். வசையில் நியாயம் உண்டு. போலியைப் போலி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கைத்திறன் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். விடுதலைக்குப் பின்னான பல பத்தாண்டுகளில் வெளிநாட்டுக் கடிகார இறக்குமதி இங்கே கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உறவினர் கொண்டுவந்ததும் கடத்தி வந்ததுமாகச் சுவிஸ் கடிகாரங்கள் கைகளில் இருந்தன. உதிரிபாகங்கள் மட்டும் எளிதில் கிடைக்கவில்லை. ஓடாத மூன்றைக் கொண்டு ஓடும் ஒன்றை உண்டாக்கியவர்கள், டயல் அழிந்தால் கையால் எழுதியவர்கள், அந்நாளைய ரிப்பேர்காரர்கள். பற்றாக்குறையில் பிறந்த திறமை, பின்னர் சந்தை வந்தபோது ஏமாற்றுக்கும் பயன்பட்டது.

இன்னொரு பக்கம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதா போன்ற சாவிக் கடிகாரங்கள் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்தன. நுண்பொறியைக் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறையை அத்தொழிற்சாலை உருவாக்கியது; அவர்களில் பெண்கள் கணிசம். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது எல்லாம் மாறத் தொடங்கிற்று. 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் 30,000 சொச்சம் பேரே மிஞ்சினர். இங்கே 1987இல் ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடும் முடிவை மத்திய அரசு 2016 ஜனவரியில் எடுத்தது.

தொழிற்கல்வியின் நிலை என்ன? பிரிட்டனின் கடிகாரவியல் கழகம் 1858இலிருந்து இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் நொஷாத்தெல் நகரில் 1966இல் தோன்றிய வோஸ்டெப் நிறுவனத்தின் சான்றிதழை உலகெங்கும் மதிக்கிறார்கள். ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது, உதிரிபாகம் வேண்டும். பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பலவும் தம் அங்கீகாரம் பெறாத பட்டறைகளுக்கு உதிரிபாகம் தருவதைப் படிப்படியாகக் குறைத்துவிட்டன. ஸ்வாட்ச் குழுமம் 2015 இறுதியோடு மொத்த விற்பனையாளர்களுக்கு அளிப்பதை நிறுத்தியதும் வழக்குகள் எழுந்ததும் தொழில் வட்டாரம் நன்கறிந்த செய்திகள். ஆக, படித்தவரிடம் பாகம் இல்லை, பாகம் உள்ள இடத்தில் பழைய கடிகாரத்துக்குப் பொறுமை இல்லை, பொறுமை உள்ளவரிடம் சான்றிதழ் இல்லை. நம் ஊரில் தகுதி என்பதை வேறு அடையாளங்களால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

*

பாரிமுனையருகே ஒரு சந்தின் மாடியில் எழுபது கடந்த பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனோம். கடிகாரத்தை வாங்கியவர் உடனே திறக்கவில்லை. கைகழுவி வந்து, காதோரம் வைத்து மெல்லச் சாய்த்துக் கேட்டார். பிறகு பொருத்தமான சாவியால் பின்மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தை உருப்பெருக்கியில் பார்த்தவர் முகம் மலர்ந்தது. எங்களையும் பார்க்கச் சொன்னார். தங்கத்தின் உட்பரப்பில், முடியளவு மெல்லிய கீறலாய், இரண்டு எழுத்துகளும் 67 என்ற எண்ணும்.

"1967இல எவனோ ஒருத்தன் சர்வீஸ் பண்ணியிருக்கான். திறந்தவன் இப்படிக் குறிச்சு வைக்கிறது எங்க வழக்கம். சொந்தக்காரங்களுக்குத் தெரியாது, அடுத்து திறக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்றார். பினாங்கில் யாரோ ஒருவர், ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப்பின் வரப்போகும் முகமறியாத சக தொழிலாளிக்கு எழுதிய கடிதம் அது. அத்தை அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருந்த காலமெல்லாம் அது அவர் மணிக்கட்டை ஒட்டியே இருந்திருக்கிறது.

பெரியவர் மூடியைப் பழையபடி மூடினார். "நான் செய்ய மாட்டேம்மா" என்றார். தம் வலக்கையை மேசைமேல் நீட்டிக் காட்டினார். விரல்நுனியில் மெல்லிய நடுக்கம். "ஜென்ட்ஸ் வாட்ச் இப்பவும் பார்க்கிறேன். இவ்வளவு சின்னது இனிமே என் கைக்கு ஆகாது." கட்டணம் வாங்க மறுத்துவிட்டு, பெங்களூரில் ஜாலஹள்ளிப் பக்கம் இருக்கும் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். எச்.எம்.டி.யில் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தவர், விருப்ப ஓய்வில் வந்தபின் தம்மிடம் சில ஆண்டுகள் கற்றவர் என்றார். "என்னைவிட நல்லாப் பண்ணும் அந்தப் பொண்ணு."

முடியாது என்று சொல்லத் தெரிந்தவரையே நம்பலாம் என்ற எண்ணம் அன்று மாடிப்படி இறங்குகையில் உறுதிப்பட்டது.

*

'அந்தப் பொண்ணுக்கு' வயது அறுபதுக்கு மேல். வீட்டின் பின்னறையில் வடக்குப் பார்த்த சன்னல், நெஞ்சுயர மேசை, தூசு படாமல் கவிழ்த்த கண்ணாடிக் குமிழ்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, ஓராண்டில் வேறெவரும் கேட்காதது: "யார் கட்டப் போறாங்க?" விற்கவா, பெட்டியில் வைக்கவா, கட்டிக்கொள்ளவா; கட்டிக்கொள்வதென்றால் யார், என்ன வயது, நாள் முழுவதுமா, விசேஷத்துக்கு மட்டுமா? சொன்னோம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு கடிகாரத்தை டைமிங் மெஷினில் வைத்தார். கடிகாரத்தின் ஓசையை ஒலிவாங்கியால் கேட்டுத் திரையில் புள்ளிகளாய் வரையும் கருவி அது. எங்கள் கடிகாரத்தின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 19,800 துடிப்புகள் துடிக்க வேண்டியது. அதாவது விநாடிக்கு ஐந்தரை, நிமிடத்துக்கு 330. மனித நாடியைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். சக்கரம் ஒவ்வொரு வீச்சிலும் எத்தனை பாகை சுழல்கிறது என்பதையும் கருவி காட்டும். நலமான கடிகாரத்தில் 250க்கும் 300க்கும் இடையே இருக்கும். இதில் 150ஐ எட்டவில்லை. "எண்ணெய் காஞ்சு பசையாயிருச்சு. இப்படியே ஆட்டி ஆட்டி ஓட்டினா அச்சு தேஞ்சிரும். ஆட்டாதீங்க" என்றார்.

என்ன செய்வார் என்பதை ஒரு தாளில் எழுதித் தந்தார்: முழுதும் பிரித்துக் கழுவுதல், மெயின் ஸ்பிரிங் மாற்றுதல், ஒவ்வொரு இடத்துக்கும் உரிய எண்ணெய். சுழலும் வேகமும் தாங்கும் பாரமும் இடத்துக்கிடம் வேறுபடுவதால் ஒரே கடிகாரத்துக்குள் மூன்று நான்கு வகை எண்ணெய் தேவை. என்ன செய்யமாட்டார் என்பதையும் எழுதினார்: டயலைத் தொடமாட்டேன், முட்களை மாற்றமாட்டேன், கூட்டுக்கு மெருகேற்றமாட்டேன். மெருகு என்பது தங்கத்தைத் தேய்த்து எடுப்பதுதான்; ஒருமுறை போன விளிம்பு திரும்ப வராது. கழற்றிய பழைய பாகங்களைக் கையில் தந்துவிடுவேன். நாளுக்கு அரை நிமிடத்துக்குள் வித்தியாசம் இருக்கலாம், அதற்குமேல் இதை வற்புறுத்தக் கூடாது.

ஐந்து மாதமாயிற்று. கையசைவில் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் ரோட்டரின் அச்சு தேய்ந்திருந்தது. அதே வகை மெஷின் ஒன்று பழுதாகி எங்கோ கிடைக்கும்வரை காத்திருந்தார். வேறொரு பெண்ணின் கையில் ஓடி நின்ற கடிகாரத்திலிருந்து வந்த அச்சு இப்போது அத்தையுடையதில் சுழல்கிறது. மும்பையில் வசைபெறுவதும் இதே செயல்தான் என்பதை நாங்கள் யோசிக்காமல் இல்லை. செய்ததைச் சொல்லிவிடுவதில்தான் இரண்டும் பிரிகின்றன என்று தோன்றுகிறது. சீட்டில் அந்த அச்சு மாற்றம் தனி வரியாக எழுதப்பட்டிருந்தது.

வாங்கப் போனபோது மூடியின் உட்புறத்தைக் காட்டினார். 67க்குக் கீழே, அதைத் தொடாமல், தம் பெயரின் முதலெழுத்தும் 24 என்ற எண்ணும் கீறியிருந்தார். மொத்தச் செலவு சேவை மையம் சொன்னதில் ஆறில் ஒரு பங்கு.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டியிருக்கிறவங்க கையசைவுலதான் ஓடும். உங்க அத்தை வயசுக்கு அந்த அசைவு போதாது. கட்டிக்கிட்டே இருந்தாலும் நின்னுரும். இந்தச் சின்னச் சாவியைத் தினம் திருகினா உள்ள பல்லு தேயும். வேற யாராவது காலையில கொஞ்ச நேரம் கட்டி, வேலை செஞ்சு, அப்புறம் அவங்களுக்குக் கட்டி விடுங்க." முதல் நாள் 'யார் கட்டப் போறாங்க' என்று கேட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

*

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தேடியது நான்கு மணிப் பக்கத்துப் பழுப்புத் திட்டைத்தான். இருந்தது. "இதுதான் என்னுது" என்றார். அந்தத் திட்டு எப்படி வந்ததென்று கேட்டோம். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட முடியாது.

நாங்கள் ஒரே கட்டடத்தில் மேல்வீடும் கீழ்வீடுமாக இருப்பவர்கள். ஒருவாரம் அக்கா, மறுவாரம் தங்கை. காலை ஆறு மணிக்குக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நடக்கிறோம், கோலம் போடுகிறோம், தேங்காய் துருவுகிறோம். தண்ணீர் படும் வேலைக்கு மட்டும் கழற்றிவிடுவது. பத்து மணிக்கு அத்தை கையை நீட்டுவார். எங்கள் கையின் சூடு ஆறுமுன் அவர் கைக்கு மாறிவிடுகிறது. எங்களுக்காக முப்பது ஆண்டு கைகளை அசைத்தவருக்கு இந்த நான்கு மணிநேரக் கையசைவு ஈடென்று சொல்லமாட்டோம். நேரம் சரியா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, "ஓடுதா?" என்றுதான் கேட்கிறார். நாளுக்கு இருபது விநாடி பின்தங்குகிறது. விநாடி முள் இல்லாததால் அது யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்த சர்வீஸ் ஐந்தாண்டு கழித்து, 2029இல். ஜாலஹள்ளி அம்மையாரிடம் அதைச் சொன்னபோது, "அதுக்குள்ள என் கையும் நடுங்க ஆரம்பிச்சிரும். கத்துக்க ஒருத்தரும் வரல. பதினெட்டு இருபது வயசுல, பொறுமையா உட்காரத் தெரிஞ்ச பிள்ளைங்க யாராவது இருந்தா அனுப்புங்க. சம்பளம் தர முடியாது, சாப்பாடு போடுவேன்" என்றார். அப்படிப்பட்ட பிள்ளைகளை அறிந்தவர்கள் சொல்லுங்கள். மூடியின் உட்புறத்தில் 24க்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது.